துருவுக்கு ஒரு தூரிகை

வீட்டு ஜன்னல் கம்பியில் பொட்டு அளவு துரு தெரிந்தால் போதும், நமக்கு மனசு கேட்காது. உப்புத்தாள் வாங்கிவரச் சொல்லித் தேய்த்து, 'ரெட் ஆக்ஸைடு' ஒரு கை, அதன்மேல் எனாமல் இரண்டு கை என்று அடித்து முடித்தால்தான் நிம்மதி. பொங்கலுக்குப் பொங்கல் இந்தச் சண்டை நடக்கிறது. ஜயிப்பது என்னவோ பெரும்பாலும் துருதான்!

இப்படி உலகமே துருவை விரட்டிக்கொண்டிருக்க, அதே துருவை மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு ஆசையாக வரைந்துகொண்டிருக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? கைக்கு அடக்கமான பொம்மைக் கூட்ஸ் வண்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கும்போது அது புதுப் பாத்திரம் போலப் பளபளக்கும். அந்த வாரமே மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஏணிப்படியில் துரு, பிரேக் சக்கரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு, கதவுக் கீலுக்குக் கீழே மழைநீர் வழிந்த கோடு என்று ஒவ்வொன்றாகப் பூசி, முப்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் ஓடிய வண்டியாக அதை மாற்றிவிடுகிறார்கள்.

"நல்ல சாமானைப் பாழாக்கவா இத்தனை பாடு?" என்று உங்கள் வீட்டு மாமியார் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன்னால் உங்களை ஓர் ஊருக்கு அழைத்துப் போகவேண்டியிருக்கிறது.

உப்புக்காற்றின் பள்ளிக்கூடம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டிச் சுமார் 17 கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம் வருகிறது. வெள்ளைக்காரர் நாக்கில் 'சத்ராஸ்' ஆகிவிட்ட ஊர். டச்சுக்காரர் கட்டிய செங்கல் கோட்டையும், அழகிய வேலைப்பாடு உள்ள அவர்களுடைய கல்லறைக் கற்களும் இங்கே உண்டு. 1782-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஆங்கிலக் கப்பல் படையும் பிரெஞ்சுக் கப்பல் படையும் மோதிக்கொண்டது இந்த ஊருக்கு எதிரே உள்ள கடலில்தான். அந்தக் கதைகளை இன்னொரு நாள் பார்க்கலாம். இன்றைக்கு நாம் பார்க்கவேண்டியது, கோட்டைக்கு வெளியே சாதாரண ஜனங்கள் புழங்கும் இரும்புச் சாமான்களை.

மணலில் கிடக்கும் நங்கூரத்தைப் பாருங்கள். கடலோர வீட்டு வாசல் கேட்டைப் பாருங்கள். ஒரு மழைக்காலம் வெளியே நின்றுவிட்ட சைக்கிளின் சங்கிலியைப் பாருங்கள். எல்லாம் துரு! ஆனால் ஒரே துரு அல்ல. நேற்று விழுந்த கீறலில் இருப்பது பறங்கிப் பழத்தின் நிறம். ஆறு மாதத்துத் துரு செங்கல் நிறம். பல வருஷத்துத் துருவோ காப்பிக்கொட்டையை நன்றாக வறுத்த நிறத்தில், செதில் செதிலாக எழும்பி நிற்கும். அதே கேட்டில் கை பிடித்துத் திறக்கும் இடத்தில் மட்டும் துருவே இருக்காது. தினமும் பத்துக் கை பட்டுப்பட்டு வெள்ளி போல மின்னும்.

கடல் ஓரத்தில் மட்டும் ஏன் இத்தனை வேகம்? இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் வேண்டும். இந்த இரண்டும் எங்கும் உண்டு. கடற்கரையில் மூன்றாவதாக உப்பு சேர்கிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பார்க்கிறோம் அல்லவா? அதேபோல இரும்பின்மேல் படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. இரும்பு காயவே முடிவதில்லை. அந்த ஈரம் உப்பு நீராக இருப்பதால் மின்சாரம் அதில் சுலபமாக ஓடுகிறது. துருப்பிடிப்பது என்பதே இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத மின்சாரம் ஓடுகிற காரியம்தான்.

இது விளையாட்டான விஷயமும் அல்ல. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோகங்களை உப்புக்காற்று எப்படி அரிக்கிறது என்பதை ஆராய்வதற்காகவே மண்டபத்தில் ஒரு கிளை வைத்திருக்கிறது. மண்டபத்தையும் ராமேசுவரத்தையும் இணைத்த 1914-ம் வருஷத்துப் பாம்பன் பாலம் நூறு ஆண்டுக்கு மேல் துருவோடு மல்லுக்கு நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தபோது, அதன் இரும்புக்குத் துத்தநாகம் பூசி, அதன்மேல் விசேஷப் பெயிண்டு அடித்துத்தான் கடலில் நிறுத்தினார்கள்.

பொம்மை வண்டிக்குத் துருப் பூசுகிறவர்களுக்குச் சதுரங்கப்பட்டினம் போன்ற ஊர் ஒரு பள்ளிக்கூடம் என்று சொன்னது இதனால்தான். துருவைத் தெரிந்துகொள்ளாமல் அதை வரைய முடியாது. முகத்தைப் பார்க்காமல் யாராவது படம் எழுதுவார்களா?

சொப்புச் சாமானில் பிறந்த ரயில்

பொம்மை ரயில் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது பிறந்ததே சொப்புச் சாமான் கடையில்!

ஜெர்மனியில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859-ல் தியோடர் மெர்க்லின் என்ற தகர வேலைக்காரர் ஒரு தொழில் தொடங்கினார். அவர் செய்தது பெண் குழந்தைகள் விளையாடும் பொம்மை வீட்டுக்கு வேண்டிய தகரச் சமையல் சாமான்கள். 1866-ல் அவர் காலமாகிவிட்டார். அவர் மனைவி கரோலின் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. மாதிரிச் சாமான்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்து, கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடித்துத் தொழிலைக் காப்பாற்றினார். அந்தக் காலத்து ஜெர்மனியில் ஒரு பெண்மணி இப்படித் தனியே விற்பனைக்குப் புறப்படுவது லேசான காரியமா? பின்னால் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். 1891-ல் லைப்ஸிக் சந்தையில், வேண்டும்போது தண்டவாளத்தைச் சேர்த்துக்கொண்டே போகக்கூடிய பொம்மை ரயிலை அந்தக் கம்பெனி வைத்தது. இங்கிலாந்தில் 'மெக்கானோ' புகழ் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் தம் ரயில்களை விற்கத் தொடங்கினார்.

புது வண்டியை வேண்டுமென்றே பழசாக்கும் வழக்கம் இதற்குப் பின்னால் வந்தது. ஆங்கிலத்தில் இதை 'வெதரிங்' என்கிறார்கள். நாம் 'வயதேற்றுதல்' என்று வைத்துக்கொள்வோமே. இதை ஒரு கலையாகப் பரப்பியவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து மான்டரே நகரில் வாழ்ந்த ஜான் ஆலன். தொழிலில் புகைப்படக்காரர். வீட்டின் அடித்தளத்தில் மலையும் பள்ளத்தாக்கும் பாலமுமாக ஒரு குட்டி ரயில் உலகத்தை வருஷக்கணக்கில் கட்டிவந்தார். அதில் எதுவும் புதுக்கருக்கோடு இருக்காது. புகை படிந்த ஸ்டேஷன், வெளுத்த பலகை, துருவேறிய வண்டி. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அந்த வீட்டில் தீப்பிடித்து, அவர் கட்டிய உலகத்தில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. மிஞ்சியவை புகைப்படங்களும், அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களின் கைவேலையும்தான்.

நம் நாட்டிலும் இந்தப் பித்து உண்டு. புனாவில் 1998 முதல் ஜோஷி குடும்பத்தாரின் குட்டி ரயில் காட்சிசாலை நடக்கிறது. இந்திய ரயில்வேயின் வாகன்களைப் போன்ற மாதிரிகளும் இப்போது கிடைக்கின்றன.

மெழுகும் பித்தளையும்

எவ்வளவு சின்ன வண்டி என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது 'எச்.ஓ.' என்ற அளவு. அசலில் 87-ல் ஒரு பங்கு. நிலக்கரி ஏற்றிச் செல்லும் 'பாக்ஸ்-என்' வாகனைப் பார்த்திருப்பீர்கள். கொக்கிக்குக் கொக்கி சுமார் 10.7 மீட்டர் நீளம். பொம்மையில் அது 12.3 சென்டிமீட்டர். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒரு பெண்மணியை அதே அளவில் செய்தால் இரண்டு சென்டிமீட்டர்கூட வரமாட்டாள். வாகனில் ஏறப் பிடிக்கும் ஓர் அங்குலக் கம்பி, 0.3 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

இத்தனை மெல்லிய கம்பியைப் பிளாஸ்டிக்கில் செய்தால் தொட்டால் ஒடியும். ஒடியாமல் இருக்கப் பருமனாகச் செய்தால் கைப்பிடிக் கம்பி உலக்கை போல் தெரியும். ஆகவே பெட்டியைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டு, ஏணி, கைப்பிடி, பிரேக் சக்கரம், கொக்கி, பஃபர் போன்ற நுட்பமான உறுப்புக்களை மட்டும் உலோகத்தில் செய்து பொருத்துகிறார்கள்.

உலோகத்தில் மூன்று வழி. முதலாவது, மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சுப் போட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் பித்தளையைக் காய்ச்சி ஊற்றுவது. எங்கோ கேட்டமாதிரி இருக்கிறதா? சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் முறையும் இதே தத்துவந்தான். இரண்டாவது, பித்தளைத் தகட்டில் வேண்டாத இடத்தை ரசாயனத்தால் அரித்து எடுப்பது. ஏணிப்படியும் நடைபாதைச் சல்லடையும் இப்படி வருகின்றன. மூன்றாவது, ஈயமும் தகரமும் கலந்த இளகிய உலோகத்தில் வார்ப்பது. அச்சாபீஸில் கோத்த பழைய ஈய எழுத்துக்களுக்கு இது நெருங்கிய உறவு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. பித்தளைக்குத் துரு ஏறாது; களிம்புதான் ஏறும். அதாவது அசல் வண்டியில் எது முதலில் துருப்பிடிக்குமோ அந்த உறுப்பு, பொம்மை வண்டியில் எத்தனை காலமானாலும் துருப்பிடிக்கப் போவதில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் கொண்டுபோய் வைத்தாலும் பச்சைதான் பூக்கும், சிவப்பு வராது. ஆகவே கைதான் பூசவேண்டும்.

புளியும் பூச்சும்

இந்த வேலையில் பாதி, நம் சமையலறையில் ஏற்கெனவே நடப்பதுதான்.

முதல் வேலை சுத்தம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறோமே, ஏன்? புளியில் உள்ள அமிலம் களிம்பைக் கரைத்துவிடுகிறது. இந்தக் குட்டி உறுப்புக்களையும் வினிகரிலோ எலுமிச்சம்பழச் சாற்றிலோ சிறிது நேரம் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்துகிறார்கள். அதற்குப் பிறகு விரல் படக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு ஒன்றே வர்ணத்தை உரித்துவிடப் போதும். இடுக்கியால்தான் எடுப்பார்கள்.

இரண்டாவது, அடிப்பூச்சு. ஜன்னல் கம்பிக்கு ரெட் ஆக்ஸைடு அடிக்காமல் எனாமல் அடித்தால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் கண்டிருப்பீர்கள். அடுத்த மழைக்குச் செதில் செதிலாக உதிரும். வழவழப்பான உலோகத்தில் வர்ணத்துக்குப் பிடிப்பு இல்லை. பித்தளையை இலேசாகக் கடித்துப் பற்றிக்கொள்ளும் அமிலம் கலந்த அடிப்பூச்சு விற்கிறது. அதைப் பனி படிந்தாற்போல மெல்லியதாகத் தெளிக்கவேண்டும். பிரஷ்ஷால் அப்பினால் என்ன என்று கேட்காதீர்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அப்பினாலும், 87 மடங்கு பெருக்கிப் பார்த்தால் அது கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பூச்சு! ஆணித் தலை, கீல், முறுக்கு எல்லாம் அதற்குள் புதைந்துபோகும். தோசை மாவைப்போல அல்ல, நீர்மோரைப்போல இருக்கவேண்டும் வர்ணம்.

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் கடலோர ஊர்களில் இந்த வேலை வைத்துக்கொள்ளலாகாது. காற்றில் ஈரம் மிகுந்தால் தெளித்த வர்ணம் பால் போல வெளுத்துப் பூத்துவிடும். வடகமும் அப்பளமும் காயவைக்க எந்த நாள் ஏற்றதோ, அந்த நாள்தான் இதற்கும் ஏற்றது.

மூன்றாவது, மேல்வர்ணம். நம் கூட்ஸ் வாகன்களில் வெகுகாலமாகப் பழக்கமான நிறம் காவி கலந்த செம்பழுப்பு. டப்பாவில் உள்ளபடியே பூசினால் பொம்மைக்கு அது கறுப்பாகத் தெரியும். சிறிது வெள்ளையோ சாம்பலோ கலந்து இளக்கவேண்டும். பிளாட்பாரத்திலிருந்து நாம் வண்டியைத் தூரத்தில் பார்க்கிறோம். இடையே உள்ள காற்றும் தூசியும் நிறத்தை மங்கவைக்கின்றன. அந்தத் தூரத்தையும் சேர்த்துத்தான் பூசவேண்டும்.

சுழலும் சக்கரம், ஆடும் சங்கிலி, கொக்கி ஆகியவற்றுக்கு வர்ணம் உதவாது. உராய்ந்து போய்விடும். உலோகத்தையே கறுக்க வைக்கும் திராவகத்தில் தோய்த்து எடுக்கிறார்கள்.

கல் உப்பு செய்யும் மாயம்

இனித்தான் துரு. முதலில் உறுப்பு முழுவதும் அடர்ந்த பழுப்பு. நன்றாகக் காய்ந்தபின் சிறிது தண்ணீர் தொட்டு நனைத்து, அதன்மேல் உப்பைத் தூவுகிறார்கள். ஆம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அதே உப்புத்தான்! உப்பு ஒட்டிக் காய்ந்ததும், அதன்மேல் வண்டியின் செம்பழுப்பு நிறத்தைத் தெளிக்கிறார்கள். அதுவும் காய்ந்ததும் விரலாலும் ஈர பிரஷ்ஷாலும் உப்பை உதிர்த்துவிட்டால், உப்பு இருந்த இடத்தில் மட்டும் அடியிலுள்ள பழுப்பு எட்டிப் பார்க்கும். பெயிண்டு உரிந்து துரு தெரிகிற அசல் தோற்றம்! எந்த இரண்டு திட்டும் ஒரே மாதிரி இருக்காது. கையால் வரைந்தால் இந்த ஒழுங்கின்மை வராது.

உப்பிலும் அளவு உண்டு. ஒரு மில்லிமீட்டர் கல் உப்பு, அசல் வண்டியில் சுமார் 9 சென்டிமீட்டர் திட்டுக்குச் சமம். பெட்டியின் பக்கவாட்டுக்கு அது பொருந்தும். ஏணிக்கும் கைப்பிடிக்கும் மேஜை உப்பைப் பொடி செய்து, வலை போன்ற துணியில் சலித்துத் தூவவேண்டும். வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்தில் நிஜமான இரும்பைத் தின்கிற அந்த உப்பே மேஜைமேல் பொய்த் துருவையும் உண்டாக்கித் தருகிறது என்பதை நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, ஆச்சரியமாகவும் இருக்கிறது.

பிறகு புதுத் துருவின் ஆரஞ்சு நிறம்; அதைப் பஞ்சு நுனியால் ஒற்றி, ஊசிமுனை அளவு மட்டும். அதற்கு மேல் பொடிகள். வாசற்கோலத்துக்குக் கரை கட்டும் காவி இருக்கிறதே, அதற்கு அந்தச் சிவப்பைக் கொடுப்பது இரும்பும் பிராணவாயுவும் சேர்ந்த பொருள். துருவும் அதே குடும்பம். சலித்த காவி, அடுப்புக்கரித் தூள், சாக்கட்டித் தூள் மூன்றையும் வேண்டியபடி கலந்து மெல்லிய பிரஷ்ஷால் தடவினால் தூசியும் புகையும் துருவும் வந்துவிடும். கடைசியில் மினுமினுப்பில்லாத வார்னிஷைத் தெளித்துப் பொடியை நிறுத்துகிறார்கள்.

கறைக்கு ஒரு காரணம்

இதுவரை சொன்னது கைவேலை. கைவேலையைப் பத்து நாளில் கற்கலாம். எங்கே பூசுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் வித்தை. ஆரம்பக்காரர்கள் வண்டி முழுவதும் துருவை அப்பிவிடுவார்கள். கண்ணுக்கு மை அழகுதான், முகமெல்லாம் பூசினால்?

அசல் வண்டியில் காரணமில்லாத கறை ஒன்றுகூடக் கிடையாது. செங்கற்பட்டு ஜங்ஷனில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். கொளவாய் ஏரிக் காற்று இலவசம். பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு, மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்றே எல்லாம் பார்க்கலாம்.

கூட்ஸ் வண்டி ஒன்று வருகிறதா? சக்கரத்துக்கு அருகே உள்ள இரும்புகளில் பழுப்புத் தூசி படிந்திருக்கும். பிரேக் கட்டை சக்கரத்தில் உராயும்போது தெறிக்கும் பொடியும் பாதையிலிருந்து எழும் புழுதியும் அவை. ஆனால் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு கண்ணாடிபோல் மின்னும். கதவுக் கீலிலிருந்தும் தலைதூக்கிய ஆணிகளிலிருந்தும் செங்குத்தாகக் கோடு இறங்கும்; மழை எழுதிய கோடு. எண்ணெய் டாங்கி வண்டியில் மேல் மூடியிலிருந்து இரு பக்கமும் கறுப்பு வழிந்திருக்கும். சிமெண்டு ஏற்றிய மூடு வண்டியில் கதவிடுக்கெல்லாம் சாம்பல் படலம். நிலக்கரி வாகனின் உட்பக்கத்தில் கரி உராய்ந்து உராய்ந்து பெயிண்டே தங்கியிருக்காது. ஏறி இறங்கும் ஏணியின் நடுப்படி மட்டும் செருப்புப் பட்டுத் தேய்ந்து பளபளக்கும்.

வண்டியின் வயதையும் நீங்கள் படிக்கலாம். வாகனின் பக்கத்தில் பதினொரு இலக்கம் கொண்ட எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வண்டியின் வகை. அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. ஐந்தாவதும் ஆறாவதும் அது செய்யப்பட்ட வருஷம். 07 என்று இருந்தால் 2007-ல் பிறந்த வண்டி. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். கூட்ஸ் வண்டி எப்போது வரும் என்று காத்துக்கிடப்பார்கள்! எண்ணின் அருகிலேயே, பெரிய பராமரிப்பு எப்போது நடந்தது என்ற தேதியும் எழுதியிருக்கும். பணிமனைக்குப் போய்ப் புது வர்ணம் பூசிக்கொண்டு வந்த வண்டியில் 2007 என்ற எண் இருந்தும் துரு குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான். புதிய வாகன்களில் சிலவற்றுக்கு உடலே துருப்பிடிக்காத எஃகு.

பஞ்சாபிலிருந்து கோதுமை வருகிறது, சிமெண்டு வருகிறது, பெட்ரோல் வருகிறது. நம் வீட்டுக்குள் வரும் சாமான்களில் எத்தனையோ இந்த அழுக்கு வண்டிகளில் ஏறி வந்தவை. ஆனால் அவற்றை நாம் பார்ப்பதில்லை. நம் எக்ஸ்பிரஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டுத் தடதடவென்று கடந்து போகும்போது சலித்துக்கொள்வதோடு சரி. பொம்மை வண்டிக்குத் துருப் பூசுகிறவர்தான் அந்த வண்டியை நிறுத்தி நிதானமாகப் பார்க்கிறார். எந்தக் கை எந்தக் கம்பியைப் பிடித்தது, எந்த மழை எந்த வழியே இறங்கியது, எந்தச் சுமை எங்கே உராய்ந்தது என்று அதன் உழைப்பையெல்லாம் வாசித்து எழுதுகிறார்.

மாமியாரின் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் சாமானைப் பாழாக்கவில்லை. கடையில் வாங்கிய பொம்மைக்கு ஒரு ஜாதகம் எழுதுகிறார்!

நீங்களும் ஒரு கை பார்க்க

நவராத்திரி கொலுவில் படிக்குக் கீழே பார்க்கு கட்டி, முளைத்த கேழ்வரகை வயலாக்கி, ஒரு பொம்மை ரயிலையும் ஓடவிடும் வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த ரயிலின் ஒரு வாகனை எடுத்து இந்தப் புரட்டாசியில் முயன்று பாருங்கள். எடுத்த எடுப்பில் விலை உயர்ந்த மாதிரி வேண்டாம். காவித் தூளும் கரித் தூளும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். முதலில் சக்கரத்தைச் சுற்றி, பிறகு ஏணி, பிறகு கொக்கி. போதும் என்று தோன்றுவதற்குச் சிறிது முன்னாலேயே கையை எடுத்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள். நகப்பூச்சை அழிக்கும் திராவகத்தைப் பிளாஸ்டிக் பொம்மைமேல் விடாதீர்கள். வர்ணத்தோடு பொம்மையும் கரைந்துவிடும். உலோகத்தைக் கறுக்க வைக்கும் திராவகங்களில் நஞ்சு உண்டு; கையுறை அவசியம். சில வார்ப்புக்களில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். இதற்கென்று எடுத்த கிண்ணமும் கரண்டியும் திரும்பச் சமையலறைக்கு வரக்கூடாது. வர்ணம் தெளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், மூக்கில் மூடி இருக்கட்டும். அடுப்போ சுவாமி விளக்கோ பக்கத்தில் எரியக்கூடாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் எல்லாவற்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இதில் ஒரு கைமேல் பலனும் உண்டு. பொம்மை ஏணியில் துரு எங்கே வரும் என்று யோசித்துப் பழகிய கண், வீட்டில் சும்மா இராது. ஜன்னல் கம்பி மரச்சட்டத்துக்குள் நுழையும் இடம், கேட்டின் அடிச்சட்டம், மொட்டை மாடிக் கைப்பிடி சிமெண்டில் புதைந்த இடம் என்று தண்ணீர் தங்குகிற மூலைகளுக்குத் தானே போகும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கிறது. சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி அப்படிப் பருத்தால் கூரையே வெடித்துக் காரை பெயர்ந்து விழும். கடலோரத்தில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் உப்புத்தாளும் ஒரு கை அடிப்பூச்சும் போதும். பார்க்கத் தவறினால் கொத்தனாரைக் கூப்பிடவேண்டும்.

ஆகவே வீட்டுக்காரரோ பிள்ளையோ மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு பொம்மை வண்டிக்குத் துருப் பூச உட்கார்ந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்ததும் அவரைக் கையோடு அழைத்துப்போய் வாசல் கேட்டைக் காட்டி, "அங்கே பூசியது போதும், இங்கே கொஞ்சம் சுரண்டுங்கள்" என்று உப்புத்தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள்!